பதினோராயிரம் ரூபாய்க்குச் சீன் போட்ட கதை

என் கட்டிலுக்கு அடியில் ஏழு கட்டுகள் கிடந்தன. கட்டுக்கு 50 பிரதி, மொத்தம் 350. வீடு பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் போய் இடிக்கும். இடிக்கிறபோதெல்லாம் 11,230 ரூபாய் ஞாபகம் வரும். குழந்தைகளோடு சேர்ந்து ஒரு சின்னப் பத்திரிகை கொண்டுவரலாம் என்று ஆசைப்பட்டு நான் தொலைத்த பணம் அது. பணத்தைக்கூட விடுங்கள், அப்புறம் ஒரு பெண்குழந்தையின் விஷயத்தில் நான் செய்த தவறு இன்றைக்கும் உறுத்துகிறது. யாராவது முன்பே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நகரத்துக்குள் ஆற்றோரங்களில் வாழ்ந்த குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, சென்னையின் தெற்கு ஓரத்தில். அதற்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறேன். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. ஆசிரியர் பயிற்சி எதுவும் கிடையாது. 2022 ஜூனில், ஒரு பிளாக்கின் தரைத்தளத்தில் சும்மா கிடந்த அறையில் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தேன். கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்ததில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே எழுத்துக்கூட்டத் திணறிக்கொண்டிருந்தார்கள். இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். வந்ததும் தனித்தனிக் கூட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். சைதாப்பேட்டையிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், சிந்தாதிரிப்பேட்டை ஒரு பக்கம், கிரீம்ஸ் ரோடு இன்னொரு பக்கம். புதிதாக ஒரு பிள்ளை உள்ளே வந்தால் பேரைக் கேட்கமாட்டார்கள், "நீ எந்த ஏரியா?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஏரியாவில் இவர்களின் வீடு இடிக்கப்பட்டு வருடக்கணக்கில் ஆகிறது. ஆனாலும் சண்டை மட்டும் அந்த முகவரியில்தான் நடக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தோழி தன் பையிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு குட்டிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். ஒரே தாள், மடித்து எட்டுப் பக்கம். கையால் எழுதி, படம் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்தது. இதற்கு 'ஸீன்' என்று பேராம். அமெரிக்காவில் 1930களில் அறிவியல் புனைகதைப் பைத்தியங்கள் தங்களுக்குள் அச்சடித்துச் சுற்றுக்கு விட்ட ரசிகர் ஏடுகளிலிருந்து வந்த வழக்கம். அப்புறம் ஜெராக்ஸ் மெஷின் பரவியதும் பாட்டுக் குழுக்கள், பெண்கள் இயக்கங்கள் என்று யார் யாரோ கையில் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு இது புதிதும் இல்லை. கையெழுத்துப் பத்திரிகை நடத்தாத வாசகசாலையோ கல்லூரி விடுதியோ ஒரு காலத்தில் நம் ஊரில் அபூர்வம். நான் வகுப்பில் போய் "நாம ஒரு ஸீன் பண்ணப் போறோம்" என்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மிஸ் சீன் போடப் போறாங்கடா!" அன்றிலிருந்து அதற்கு எங்கள் ஊரில் சீன் என்றே பேர்.

அவர்கள் விளையாட்டாகச் சொன்னது என் விஷயத்தில் உண்மையாகிவிட்டது. தோழி காட்டிய ஒற்றைத் தாள் எனக்குப் போதவில்லை. கல்லூரி நாட்களில் சிற்றிதழ்களைப் படித்துவிட்டு ஆசிரியர் நாற்காலிக்கு ஏங்கியவள் நான். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்ற கதையைக் கேட்டுக் கண் கலங்கியவள். பிள்ளைகளின் பேரைச் சொல்லி நானும் ஒரு மூட்டை சுமக்கலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது. அப்போது அது எனக்கே தெரியவில்லை. 16 பக்கம், கலர் அட்டை, 500 பிரதி, பொங்கலுக்கு வெளியீடு என்று முடிவு செய்தேன். யாரோடு கலந்து முடிவு செய்தேன் என்று கேட்காதீர்கள்.

பிள்ளைகளிடம் கட்டுரை, கவிதை, படம் எல்லாம் வாங்கினேன். வாங்கியதும் முதல் வேலையாகச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். "எங்க வூட்டாண்ட" என்று எழுதியிருந்ததை "எங்கள் வீட்டின் அருகே" ஆக்கினேன். ஆயா கருவாட்டுக் குழம்பு வைத்த நாளைப் பற்றி ஒரு பையன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான், நாறுகிற அளவுக்கு நன்றாக இருந்தது. அதை எட்டு வரியாக வெட்டினேன். அப்புறம் எல்லாவற்றையும் ராத்திரி ராத்திரியாக என் போனிலேயே தட்டச்சு செய்தேன். மூன்று வாரம் போயிற்று. பொங்கலுக்கு முந்தைய அந்த மூன்று வாரத்தில் வகுப்பு ஒழுங்காக நடக்கவே இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ராயப்பேட்டைப் பக்கம் ஓர் அச்சகத்தில் 9,500 ரூபாய்க்குப் பேசினேன். நான் மெயிலில் அனுப்பிய மேட்டரை அங்கே திறந்தால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கிறது. அவர்கள் பயன்படுத்துவது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கம் கட்டும் மென்பொருள், எழுத்துருவும் அந்தக் காலத்தது. போனில் அடிப்பதோ யூனிகோடு என்ற இந்தக் காலத்துப் பொது எழுத்துமுறை. இரண்டுக்கும் ஆகாது. மாற்றித் தரும் மென்பொருளில் போட்டு எடுத்தார்கள், பாதிச் சொற்களில் கொம்பு ஓர் இடத்திலும் கால் வேறிடத்திலும் போய் நின்றது. கடைசியில் டிடிபி ஆபரேட்டர் முதலிலிருந்து அடித்தார், பக்கத்துக்கு 80 ரூபாய், 16 பக்கத்துக்கு 1,280. மேட்டர் கொடுப்பதற்கு முன்னால் "அண்ணா, நீங்க எந்த சாஃப்ட்வேர், யூனிகோடு எடுக்குமா?" என்று ஒரு கேள்வி கேட்டு, ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பிச் சோதித்திருந்தால் அந்தப் பணமும் என் மூன்று வார ராத்திரியும் மிச்சம். அச்சகத்தின் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை சீசன், என்னைப் போல அரைகுறையாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்க அவர்களுக்கு ஏது நேரம்?

அடுத்த அடி, பக்கக் கணக்கில். என்னிடம் இருந்தது 13 பக்க மேட்டர். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், ஏனென்றால் ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். 12 அல்லது 16, இரண்டில் ஒன்று. இந்தச் சின்ன விஷயம் எனக்கு அச்சகத்தின் வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. மீதி மூன்று பக்கத்தை நிரப்ப 'வாசிப்பின் அவசியம்' என்று நானே ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். கருவாட்டுக் குழம்பை எட்டு வரிக்கு வெட்டிவிட்டு, மூன்று பக்கத்துக்கு உபதேசம்! படங்களில் இன்னொரு கூத்து. பிள்ளைகள் வரைந்தது பென்சிலில். அச்சில் அவை ஈரச் சுவரில் ஒட்டிய நிழல் மாதிரி வந்தன. இரண்டு படங்கள் சுத்தமாக விழவே இல்லை, வெறும் கட்டம், கீழே பையனின் பேர் மட்டும்.

ஆட்டோவுக்கு 450 கொடுத்து 500 பிரதியையும் கொண்டுவந்து இறக்கினேன். பொங்கலுக்கு முந்தின நாள் வெளியீடு, கேசரி. பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கிப் புரட்டினார்கள், தன் பேர் இருக்கிற பக்கத்தைப் பார்த்தார்கள், மூடினார்கள். கூச்சல் போடுவார்கள் என்று நினைத்தேன். கேசரிக்குத்தான் கூச்சல் இருந்தது. கருவாட்டுக் குழம்புப் பையன் மட்டும் கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "மிஸ், இதுல என் கையெழுத்து எங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. 150 பிரதி போயிற்று, அதிலும் பாதி என் ஆபீஸில் முகத்தாட்சண்யத்துக்காக வாங்கியவர்கள். மிச்சம் கட்டிலுக்கு அடியில். அடுத்த இரண்டு மாதம் சீன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

இந்த நிலைமையைத் திருப்பிப் போட்டது எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடை பாய். வினாத்தாள் பிரதி எடுக்கப் போனவள், அந்தப் பென்சில் படங்களைக் காட்டிப் புலம்பினேன். "என்னம்மா நீங்க, பென்சில்ல வரைஞ்சா மெஷினுக்குக் கண்ணு தெரியுமா? கறுப்பு ஜெல் பேனா குடுங்க, சும்மா பளிச்சுனு விழும்" என்றார். நீல மை வெளிறிவிடும், மஞ்சள் கலர் மெஷினுக்கு இல்லவே இல்லை, சிவப்பு கறுப்பாக விழும், ஸ்கெட்ச் பேனா தாளின் அடுத்த பக்கத்துக்கு ஊறும். வெட்டி ஒட்டினால் ஒட்டிய தாளின் ஓரம் பிரதியில் கறுப்புக் கோடாக வரும், அந்த விளிம்பில் ஒயிட்னர் ஓட்டினால் மறைந்துவிடும். பாட்டிலிலிருந்து ஊற்றுகிற வெள்ளைப் பசை தாளைச் சுருக்கும், குச்சிப் பசைதான் நல்லது. தாளின் நாலு ஓரத்திலும் சுமார் அரை சென்டிமீட்டரை மெஷின் விழுங்கும், அங்கே எழுத்து இருக்கக் கூடாது. முதல் தாளை, அதாவது மாஸ்டரை, பத்திரமாக வைத்துக்கொண்டு எப்போதும் அதிலிருந்தே பிரதி எடுக்க வேண்டும். பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் நாலாவது தலைமுறைக்குள் எழுத்து தேய்ந்துவிடும். இதெல்லாம் கடை வாசலில் நின்றபடி பத்து நிமிஷத்தில் அவர் சொன்னது. பதினோராயிரத்துக்குக் கிடைக்காத பாடம்.

சரி, தாளை மடிக்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன், கையில் ஒரு A4 தாளை வைத்துக்கொண்டு படித்தால் புரியும். நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். அடுத்து குறுக்கே பாதி, அதையே மறுபடி பாதி. பிரித்தால் எட்டுக் கட்டம், ஒவ்வொன்றும் ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. இப்போது தாளைக் குறுக்கே பாதியாக மட்டும் மடித்துப் பிடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் அடுத்த மடிப்பு வரைக்கும் கத்தரிக்க வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. பிரித்தால் தாளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். தாளை நீளவாக்கில் மடித்து இரண்டு முனையையும் ஒன்றையொன்று நோக்கித் தள்ளினால் பிளவு வாய் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். பின்னும் வேண்டாம், பசையும் வேண்டாம். பக்க வரிசைதான் தலை சுற்ற வைக்கும். விரித்த தாளைப் படுக்கையாக வைத்தால், கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1. மேல் வரிசையில் 5, 4, 3, 2, ஆனால் தலைகீழாக. மேல் வரிசைக்காரர்கள் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத வேண்டும். முதல் நாள் எங்கள் வகுப்பில் சில பேர் திருப்ப மறந்தார்கள், அவர்கள் கதை தலைகீழாக நின்றது. அப்படியே ஜெராக்ஸ் எடுத்தோம். அந்தப் பக்கம் வந்ததும் எல்லாரும் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படித்ததில் அந்த இதழ்தான் சூப்பர் ஹிட்.

எழுதச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தையே அப்போது விட்டிருந்தேன். ஆனால் அப்போதுதான் அவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில் நாற்பது சொல்லுக்கு மேல் இடம் கிடையாது. எழுதவே வராத பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல், ஒரு பக்கக் கட்டுரை என்றாலே பயந்தவன் "அவ்ளோதானா மிஸ்?" என்று உட்கார்ந்தான். நிறைய எழுதுகிறவளுக்கு அது பெரிய கஷ்டம், எதை வெட்டுவது என்று தானே யோசித்தாள். சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டேன். ஜெராக்ஸுக்குப் போகும் முந்தின நாள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஐம்பது வீட்டுக்குப் போகப் போகிறது என்று தெரிந்ததும், வல்லின றவா இடையின ரவா என்று அவர்களே வந்து சண்டை போட்டார்கள். கணக்கிலும் ஒரு லாபம் வந்தது. தாள்களை நடுவில் பின் அடிக்கிற எட்டுப் பக்கப் புத்தகத்தைப் பிரித்துப் போட்டு, ஒரே தாள்பரப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற பக்க எண்களைக் கூட்டச் சொன்னேன். 8ம் 1ம், 2ம் 7ம், 6ம் 3ம், 4ம் 5ம், எல்லாம் ஒன்பது. "அப்ப பதினாறு பக்கம்னா பதினேழு வருமா மிஸ்?" என்று ஒரு ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள். வரும். அந்த ஒரு கேள்விக்கு ஒரு மாதம் அல்ஜீப்ரா நடத்தலாம். பள்ளியில் குழந்தைகள் தாங்களே எழுதி, தாங்களே அச்சுக்கோத்து, இன்னொரு ஊர்ப் பள்ளியோடு இதழ்களைப் பரிமாறிக்கொள்வதை 1920களிலேயே பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற கிராமத்து வாத்தியார் வகுப்பறையின் மையமாக வைத்திருந்தார் என்பதை ரொம்பப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் ஆசிரியர் நாற்காலியைத் தேடியிருக்க மாட்டேன்.

மூன்றாவது இதழுக்கு 'பழைய வீடு' என்று தலைப்பு. ஒவ்வொருவரும் பழைய ஏரியாவில் தங்கள் வீட்டுக்குப் போகும் வழியை வரைய வேண்டும். பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை, அங்கிருந்து வரும்போது இடுப்புக் குழந்தைகள். ஆயா, தாத்தா, அம்மாவிடம் கேட்டு வந்தார்கள். சில வீடுகளில் பேச்சு தெலுங்கு, அந்த ஆயாக்கள் சொன்னதைத் தெலுங்குச் சொல்லோடேயே தமிழ் எழுத்தில் எழுதினார்கள். கைப்பம்பு, பால்பூத், மேம்பாலத்துக்கு அடியில் இருந்த அம்மன் கோயில், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிய அளவுக்குச் சுவரில் போட்ட கோடு. பத்துப் படங்களையும் தரையில் பரப்பிப் பார்த்தபோது, சைதாப்பேட்டைப் பையன் சிந்தாதிரிப்பேட்டைப் படத்தைக் காட்டி, "டேய், உங்க வூட்லயும் கோடு போட்டு வெச்சிருந்தாங்களா?" என்றான். அன்றைக்கு அவர்கள் உட்கார்ந்த இடம் கலைந்தது. அடுத்த நாள் மறுபடி தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் மடிக்கிற வேலைக்கு நாலு பேர் சேர்ந்தால்தான் ஆகும், ஒருவன் மடிக்க, ஒருத்தி கத்தரிக்க, ஒருவன் அமுக்க. மடிப்பு நாட்களில் யாரும் ஏரியா பார்க்கவில்லை.

இனி, சொல்லக் கஷ்டமானது. அடுத்த இதழுக்குத் தலைப்பு 'எங்கள் வீட்டில் சாயங்காலம்'. நல்ல தலைப்பு என்று நினைத்தேன். ஒரு பெண், பதிமூன்று வயது, அப்பா குடித்துவிட்டு வருகிற நேரத்தைப் பற்றி எழுதினாள். படிக்கட்டில் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எப்படி என்று கண்டுபிடிப்பது, தம்பியை எந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது, எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள். படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 'எழுத்தாளர் பிறந்துவிட்டாள்' என்று தோன்றியதே தவிர, வேறெதுவும் தோன்றவில்லை. அவளிடம் கேட்டேன், "போடலாமா?" "போடுங்க மிஸ்" என்றாள். பேரோடு போட்டேன். 60 பிரதி.

இரண்டே நாள். பிளாக் பையன்கள் அவளைப் பார்த்ததும் செருப்பைத் தரையில் தட்டிச் சத்தம் எழுப்ப ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் அம்மா என் வீட்டு வாசலில் நின்றார். கத்தவில்லை. "நாளைக்கு நீங்க வீட்ட மாத்திக்கினு போய்டுவீங்க டீச்சர். நாங்க இங்கதான இருக்கணும்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். 41 பிரதி திரும்பி வந்தது. மிச்சம் 19 எங்கே இருக்கிறதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பெண் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

பதிமூன்று வயதுப் பிள்ளை, தனக்குப் பிடித்த மிஸ் கண்கள் மின்னக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுமா? அது சம்மதமே இல்லை. இப்போது எங்கள் அறையில் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று 'எல்லாருக்கும்', இன்னொன்று 'ஒரே காப்பி'. எழுதி முடித்தவர்களே எந்தப் பெட்டி என்று முடிவு செய்து போடுவார்கள். ஒரே காப்பி என்றால் அதற்கு ஜெராக்ஸ் கிடையாது, எழுதியவர் யாரிடம் நீட்டுகிறாரோ அவர் மட்டும் படிக்கலாம். முதல் பெட்டியில் போட்டதையும் உடனே எடுப்பதில்லை, இரண்டு நாள் ஆறவிடுவோம், மனசு மாறினால் காரணம் கேட்காமல் திருப்பித் தருவோம். வீட்டு ஆட்களைப் பற்றி எழுதியிருந்தால் மாஸ்டர் முதலில் அந்த வீட்டுக்குப் போகும். எல்லாருக்கும் புனைபேர் உண்டு, பிளாக் எண், கதவு எண் போடக் கூடாது. ஒரு குழந்தை அடி, பயம் என்று எதையாவது எழுதிவிட்டால் அது போடுவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. தாளை மூடிவைத்துவிட்டு அந்தக் குழந்தையோடு உட்கார வேண்டும், தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குக் கூப்பிட வேண்டும். நான் அன்றைக்கு எழுத்தைப் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை.

சீன் இத்தோடு போதும் என்று இருந்தபோதுதான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 4ஆம் தேதி முழுக்க மழை, எங்கள் பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர், கரண்ட் நாட்கணக்கில் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் லிஃப்ட் இல்லை, மேல் மாடிகளில் முழங்கால் வலிக்காரர்கள் குடத்தோடு மாட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் கருவாட்டுக் குழம்புப் பையனும் இன்னும் மூன்று பேரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். "மிஸ், சீன் போடலாமா? பால் எங்க கெடைக்குதுன்னு எங்களுக்குத் தெரியும்." ஜெராக்ஸ் கடை இருட்டில் கிடந்தது. என்னிடம் வவுச்சர் எழுதுகிற கார்பன் தாள்கள் இருந்தன. பால்பாயிண்ட் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினால் ஒரு தடவைக்கு மூன்று பிரதி நன்றாக விழும், நாலாவது மங்கல். மெழுகுவர்த்தியில் உட்கார்ந்து, ஐந்து பேர், 27 பிரதி. பால் வரும் இடம், எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது, எந்த பிளாக்கில் சுகர் மாத்திரை உபரியாக இருக்கிறது, மேலே தண்ணீர் தூக்கித் தர வேண்டுமென்றால் எந்தப் படிக்கட்டில் யாரைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு படிக்கட்டிலும் ஒன்று ஒட்டினார்கள். வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத பெரிய பையன்கள்தான் குடம் தூக்கினார்கள், பேர்ப் பட்டியலில் தங்கள் பேரும் இருந்ததால். இரண்டாம் நாள் தாளின் கீழே யாரோ ஒரு அம்மா தன் கையால் எழுதிச் சேர்த்திருந்தார்: 'கேஸ் இருக்கு, குழந்தைக்குப் பால் காய்ச்சணும்னா வாங்க.' நான் அச்சடித்த 500 பிரதியில் ஒன்றிலாவது யாரும் ஒரு வரி எழுதிச் சேர்க்கவில்லையே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இப்போதைய செலவையும் சொல்லிவிடுகிறேன். பாய் பக்கத்துக்கு ஒரு ரூபாய் போடுகிறார், 60 பிரதி 60 ரூபாய். கறுப்பு ஜெல் பேனா, குச்சிப் பசை, ஒயிட்னர், இரண்டு கத்தரி, எல்லாம் சேர்த்து மாதம் 200ஐத் தாண்டியதில்லை. கலர்த் தாளில் எடுக்க ஆசைப்பட்டால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் மொத்தமாக வாங்கிவந்து கடையில் கொடுங்கள், எல்லா மெஷினும் ஏற்காது, நாலைந்து தாளைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பள்ளிக்கல்வித் துறையே மாணவர்களுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று அழகான இதழ்களைக் கொண்டுவருகிறது, அவற்றோடு போட்டி போட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஒருமுறை ஒருவர் வந்து "இதுக்கெல்லாம் பதிவு இருக்கா?" என்று மிரட்டிப் பார்த்தார். பொதுச் செய்திகளையும் அவை பற்றிய கருத்துகளையும் சீரான இடைவெளியில் வெளியிடும் ஏடுகளுக்குத்தான் பதிவுச் சட்டம். அதற்குப் பிறகு 'மாத இதழ்' என்று போடுவதை நிறுத்திவிட்டோம், விலையும் போடுவதில்லை. எப்போது தோன்றுகிறதோ அப்போது வரும். வீம்புக்கு மாதா மாதம் கொண்டுவந்த நாட்களில் நான்தான் பாதி எழுதிக்கொண்டிருந்தேன், அது வேண்டவே வேண்டாம்.

அந்தப் பெண் இரண்டரை மாதம் கழித்து வந்தாள். எதுவும் பேசவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு மடித்துக் கொடுத்தாள். இன்று வரை மடிக்கத்தான் செய்கிறாள், எழுதுவதில்லை. நான் கேட்பதும் இல்லை. அவள் மடிப்பில் விளிம்பு ஒரு நூல்கூட விலகாது.

கட்டிலுக்கடியில் இருந்த ஏழு கட்டில் இப்போது இரண்டுதான் மிச்சம். பிளேடால் வெட்டும்போது தரை கீறக் கூடாதென்று பழைய பிரதிகளை அடியில் விரித்துக்கொள்கிறோம், படம் வெட்டி ஒட்டவும் அதுதான். போன சனிக்கிழமை ஒரு புதுப் பையன், வெட்டுவதை நிறுத்திவிட்டு, அடியில் கிடந்த 'வாசிப்பின் அவசியம்' கட்டுரையை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான். பாதி தாண்டியதும் நிமிர்ந்து பார்த்து, "மிஸ், செம போரா இருக்கு. யார் எழுதுனாங்க இத?" என்றான். மற்ற பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்திகூடக் காட்டிக்கொடுக்கவில்லை.